இரண்டு கரண்டிப் பாசி

உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. உள்ளே காய்ந்த பாசியைத் திரித்த பச்சைப் பொடி, மேலே ஓர் எண் மட்டும். குளிர்நாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து ஆண்டுக்கொருமுறை தென்காசியில் உள்ள எங்கள் கல்லூரி இயற்பியல் துறைக்கு அது வரும். அதே பொடி பல நாடுகளுக்கும் போகும். அதில் எந்தக் கதிரியக்கத் தனிமம் எவ்வளவு என்று அவரவர் தனியாக அளந்து எழுத வேண்டும். அனுப்பியவர்கள் விடையை முதலில் சொல்ல மாட்டார்கள். மண்ணிலும் காற்றிலும் உள்ள கதிரியக்கம் பாசிக்கும் பயிருக்கும் நம் உடம்புக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்கிற படிப்பு இது. கை பழகாவிட்டால் இரண்டே வருடத்தில் மறந்துபோகும். சரிபார்க்க உள்ளூரில் ஆளில்லாததால் வெளிநாட்டார் துணை வேண்டியிருந்தது.

எங்கள் துறையில் இதை அறிந்தவர் டெக்னீசியன் அண்ணாச்சி ஒருவர்தான். நான் விரிவுரையாளர், கட்டுரைகளில் என் பெயர் முதலில் வரும், உழைப்பு அவருடையது. சீசன் முடிந்து கூட்டம் வடிந்ததும் குற்றாலத்துக்குப் போய், ஷாம்பு பாக்கெட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் எட்டாத மேல்பாறைகளில் பாசி சுரண்டி வருவார். காயவைத்துப் பொடித்து, காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே ஊறும் கதிரியக்க வாயு நிலைப்பட ஒரு மாதம் காத்திருந்த பிறகே கதிரியக்கம் அளக்கும் கருவியில் வைப்பார். ஒருமுறை நாள் கணக்கைத் தப்பாகப் பார்த்து வெளிநாட்டுப் பொடியை முன்கூட்டியே அளந்துவிட்டார். தெரிந்த உடனே, தன் உடைந்த ஆங்கிலத்தில் டப்பா அனுப்பும் ஆய்வகத்தின் பொறுப்பாளரான அம்மையாருக்கு எழுதினார். தாமும் அப்படிச் செய்ததுண்டு என்று பதில் எழுதிய அவர், இனி யாரும் தவறாமலிருக்க அதை எல்லா நாட்டாருக்கும் சுற்றுக்கு விட்டார். "தப்பச் சொல்லலேன்னா அவங்களுக்கு நம்மகிட்ட என்ன சோலி மேடம்?" என்பார் அண்ணாச்சி.

பிறகு ஒரு வருடம் துறைத் தலைவர் ஆயுத பூஜையை ஆடம்பரமாக ஏற்பாடு செய்தார். கருவிக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. அண்ணாச்சி விடுப்பில் செங்கோட்டைக்குப் போயிருந்தார். பீரோச் சாவி என்னிடம் இருந்தது. "அந்த ஃபாரின் டப்பாவையும் சாமி முன்னால வைங்க மேடம், தாளாளர் வருதாரு" என்றார் தலைவர். எடுத்துக் கொடுத்தேன். தாளாளருக்குக் காட்டுகிறேன் என்று மூடியைத் திறந்தார். பாதிப் பொடி பொரிகடலைத் தட்டில் கொட்டியது. அந்தப் பொரியையே பொட்டலம் கட்டி எல்லாருக்கும் கொடுத்தார்கள். தாளாளர் போனதும் தலைவர், அண்ணாச்சி பொடித்து வைத்திருந்த குற்றாலப் பாசியில் இரண்டு கரண்டி அள்ளி டப்பாவில் போட்டு மூடினார். "எல்லாம் பாசிதான மேடம். அண்ணாச்சிட்ட சொல்லிராதிய, சாமியாடிருவாரு" என்று சிரித்தார். கூடவே நானும் சிரித்தேன்.

விஷயம் தெரியாத அண்ணாச்சி ஒரு மாதம் காத்திருந்து, ஒழுங்காக அளந்து அனுப்பினார். மற்ற நாட்டு அளவுகளெல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, எங்களுடையது மட்டும் எங்கோ போய் நின்றது; நம் மலைப்பாறையின் தோரியம் அதில் ஏறியிருந்தது. என்ன நடந்தது என்று அம்மையார் பதமாகக் கேட்டார். 'டெக்னீசியனின் கவனக்குறைவு' என்று பதில் எழுதிய தலைவர், அண்ணாச்சியை நூலகத்துக்கு மாற்றினார். அந்த உத்தரவில் அவர் கையெழுத்துப் போட்டபோது அதே அறையில் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அம்மையார் இன்னொரு டப்பா அனுப்பினார், அண்ணாச்சியின் பெயரைப் போட்டு. தவறியவரே மறுபடி அளக்கட்டும் என்று எழுதியிருந்தார். இதையும் அளக்காவிட்டால் எங்கள் ஆய்வகம் அந்தப் பல நாட்டுக் கூட்டமைப்பிலிருந்து விலக வேண்டியதுதான். தலைவருக்குத் தெரியாமல் அதை நூலகத்துக்கு எடுத்துப் போனேன். துறையைப் பெருக்குகிற அம்மாள் சொல்லி, அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"பூசையில நடந்தத அவங்களுக்கு எழுதிட்டியளா மேடம்?"

"இல்ல அண்ணாச்சி. மெதுவா எழுதிக்கிடலாம்."

டப்பாவை என் கையிலேயே திரும்ப வைத்தார். "நீங்க எழுதுங்க. அன்னைக்கே அளந்து தாரேன்."

நான் எழுதவில்லை, அவரும் அளக்கவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது தலைவர் மேசையில் இருந்தது. இப்போது அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் மாணவி ஒருத்தி கருவியைக் காட்டி, இதை எப்படி இயக்குவது என்று கேட்டாள். இயக்கத் தெரியாது என்று சொல்லாமல், பழுதாகிவிட்டது என்று சொன்னேன்.