இருட்டு வராத வண்டி

என் வீட்டுக்காரரும் நானும் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே ரயிலில்தான் போய்வந்திருக்கிறோம். ஆனால் ஒரே பெட்டியில் போனதில்லை. அவர் ஆம்பிளைகள் ஏறுகிற பொதுப்பெட்டி, நான் அதை ஒட்டி இருக்கிற லேடீஸ் பெட்டி. தாராவியில் குடியிருந்துகொண்டு பம்பாய் லோக்கலில் ஏறி இறங்கியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அந்த நெரிசலில் ஆம்பிளைகளோடு இடிபட்டுக்கொண்டு போகிறவள் நானில்லை என்று வந்த புதிதிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கும் அதில் பெருமைதான்.

தனித்தனியாக உட்கார்ந்தால் ஒரே இடத்தில் இறங்குவது எப்படி? போர்டு படிக்க இரண்டு பேருக்கும் வராது. தமிழென்றால் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அங்கே தமிழில் யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அதனால் நாங்களாகவே அடையாளம் வைத்துக்கொண்டோம். மகளைக் கட்டிக்கொடுத்தது டோம்பிவிலியில். அவளைப் பார்க்கப் போகும்போது சயானில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி மறுபக்கம் போய் ஃபாஸ்ட் வண்டி பிடிப்போம். ஃபாஸ்ட் வண்டி தாணா ஸ்டேஷன் தாண்டியதும் மலையைக் குடைந்து போட்டிருக்கும் நீளமான குகைக்குள் நுழையும். சத்தம் காதை அடைக்கும், ஜன்னலெல்லாம் கறுத்துப்போகும். இருட்டு முடிந்து வெளிச்சம் வந்ததும் எழுந்து கதவுப் பக்கம் போய்விட வேண்டும். அடுத்து வண்டி நிற்பது டோம்பிவிலியில்தான். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட இது தப்பியதில்லை. இப்போது ஃபாஸ்ட் லோக்கல் குகைக்குள் போவதில்லை, வேறு பாதை போட்டுவிட்டார்கள், வெளியூர் வண்டிதான் போகிறது என்று மகள் சொல்கிறாள். நான் சொல்வது அதற்கு முன்னால் நடந்தது.

அந்த வருஷம் அவருக்கு மறதி தொடங்கியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, சோறு எங்கே என்று கேட்பார். தெருவில் யாராவது ஒருமாதிரிப் பார்த்தால், "அவுகளுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லி வைப்பேன். தோல் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர், ஒரு கூட்டத்தையே வேலை வாங்கியவர். அவரைப் பார்த்து ஒருத்தி உச்சுக்கொட்டுவதை நான் நின்று கேட்க மாட்டேன். மகளுக்கும் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு முட்டு வலி. குர்லா பாலத்தை நினைத்தாலே காலில் குத்தியது. சயானில் ஸ்லோ வண்டி வந்து நின்றது. கூட்டம் இல்லை.

"இன்னைக்கு மாற வேண்டாம். இதே வண்டி நேரா டோம்பிவிலி போவும். பேசாம உக்காந்து வாங்க" என்றேன்.

"எனக்கே சொல்லித் தாரியாக்கும்? நீ ரயிலப் பாக்கதுக்கு முந்தி ஏறுனவன்லா நான்."

"ஆமா, அப்பம் எஞ்சின நீங்கதான் தள்ளுனிய. ஏறுங்க."

சிரித்துக்கொண்டே ஏறினார். நான் பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொண்டேன். நடுவில் இரும்புச் சுவர். வழியெல்லாம் அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் கண்ணயர்ந்துகூட விட்டேன்.

டோம்பிவிலியில் இறங்கினேன். பொதுப்பெட்டியிலிருந்து ஆம்பிளைகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையையும் முட்டில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு.

"இறங்குங்க! டோம்பிவிலி வந்துட்டு!"

திரும்பி என்னைப் பார்த்தார். பிளாட்பாரத்தில் ஏதோ விற்க வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடிக்கப் பார்த்தேன், கைக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஸ்லோ வண்டி குகைக்குள் போவதில்லை. கல்வா, மும்ப்ரா என்று நின்று நின்று மலையைச் சுற்றிக்கொண்டு வரும். இருட்டே வரவில்லை. இருட்டு வராமல் அவர் எப்படி எழுந்திருப்பார்? மற்றதெல்லாம் அவர் தலையிலிருந்து கழன்று போயிருந்தது, அந்த ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போகிற வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினேன். காலேஜ் பெண் ஒருத்தி ஓடி வந்து, என்ன பாட்டி, என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. என் புருஷன் அந்த வண்டியில் போகிறார், அவருக்கு இறங்கத் தெரியாது என்றேன். அந்த வார்த்தையை வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அது டிட்வாலா வரைக்கும் போய்த் திரும்புகிற வண்டி என்றாள். கல்யாண் தாண்டினால் பாதை இரண்டாகப் பிரியும், ஒன்று கர்ஜத் பக்கம், ஒன்று கசாரா பக்கம், டிட்வாலா கசாரா வழியில் இருக்கிறது என்று விரலை விரித்துக் காட்டினாள். வீட்டுக்குப் போன் பண்ணுங்கள் என்றாள். போன் பைக்குள்தான் இருந்தது. எடுத்தால் மகளுக்கு எல்லாம் சொல்ல வேண்டும். எடுக்கவில்லை. அடுத்த டிட்வாலா வண்டி வந்ததும் அவளே ஏற்றிவிட்டாள்.

லேடீஸ் பெட்டியில் இடம் இருந்தும் உட்காரவில்லை. கதவுக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன். கல்யாண் வந்தது. பார்க்கிற பக்கமெல்லாம் பிளாட்பாரம், பார்க்கிற பக்கமெல்லாம் வெள்ளைச் சட்டை போட்ட கிழவர்கள். இங்கே இறங்கியிருப்பாரோ? இறங்கி வேறு வண்டியில் ஏறியிருந்தால்? கர்ஜத் தாண்டிப் பூனா, சென்னை வரைக்கும் தண்டவாளம் ஓடுகிறது. பெயர் கேட்டால் சொல்வாரா, யார் கேட்பார்கள்? இறங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்குமுன் வண்டி கிளம்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் பாலம் வந்தது. கதவில் சாய்ந்து நின்ற பெண்கள் காற்று வாங்கினார்கள். எனக்கு அவர் கதவில் நிற்கிற மாதிரியும், இருட்டு முடிந்துவிட்டது என்று காலை எடுத்து வைக்கிற மாதிரியும் தோன்றியது. கண்ணை மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. திறந்தே வைத்திருந்தேன்.

டிட்வாலாவில் எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு வண்டி பம்பாய்ப் பக்கம் திரும்பிப் போக நின்றுகொண்டிருந்தது. முட்டு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. லேடீஸ் பெட்டிக்கு அடுத்த பெட்டியில், அதே ஜன்னலோரத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஹார்ன் அடித்துவிட்டது. யோசிக்க நேரமில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொதுப்பெட்டியில் ஏறினேன். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உக்காருங்கம்மா. எங்க போணும் நீங்க?"

"டோம்பிவிலிக்கு" என்றேன்.

"நாங்களும் அங்கதான். எம் பொண்டாட்டி அந்தப் பொட்டியில இருக்கா. குகை வரட்டும்னு உக்காந்திருக்கேன். இன்னைக்கு என்னமோ பிந்திப்போச்சு."

"நாந்தாங்க அது. என்னைப் பாருங்க."

மரியாதையாகச் சிரித்தார். "அவ ஆம்பளப் பொட்டியில ஏற மாட்டாம்மா. ரொம்ப ரோசக்காரி."

கல்யாண் போனது, டாக்குர்லி போனது. டோம்பிவிலி வரப்போகிறது. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். முகம் கடுகடுத்துவிட்டது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எதிரே இருந்தவன், "கௌன் ஹை பாபா, ஜான்தே ஹோ க்யா?" என்று, யாரிது, தெரியுமா என்று அவரிடம் கேட்டான். அவர் இல்லையென்று தலையாட்டினார். நாலு பேர் என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

அப்போதுதான் முந்தானையை எடுத்து, அத்தனை ஆம்பிளைகள் முன்னால், அவர் தலையோடு சேர்த்து முகத்தை மூடினேன். துணிமேல் என் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினேன். திமிறுவார் என்று நினைத்தேன். திமிறவில்லை. மூச்சு மட்டும் சூடாக என் கையில் பட்டது. வண்டி வேகம் குறைகிறவரை அப்படியே வைத்திருந்து எடுத்தேன்.

"குகை முடிஞ்சிட்டு" என்றேன்.

எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு கதவுப் பக்கம் நடந்தார்.

பிளாட்பாரத்தில் இறங்கியும் ஓர் அடி நகர மாட்டேன் என்றார். அவள் வராமல் போக முடியாதாம். பெஞ்சில் உட்காரவைத்து, அவர் சட்டை நுனியை என் கையில் சுற்றிக்கொண்டு, போனை எடுத்தேன்.

"எம்மா, எங்க இருக்க? இவ்வளவு நேரமா?" என்றாள் மகள்.

"ஸ்டேஷன்லதான். நீ கெளம்பி வா. அப்பாவக் கூட்டிட்டுப் போணும்."

"என்னம்மா ஆச்சு? கொரலு ஏன் ஒருமாதிரி இருக்கு?"

"வா, சொல்லுதேன்."

அவள் வருகிறவரை வண்டிகள் வந்தபடியே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுந்து லேடீஸ் பெட்டியிலிருந்து இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தார். சுற்றிய சட்டை நுனியை நான் விடவே இல்லை. மகள் பாலத்துப் படியில் ஓடி வந்தாள். அவளை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஏட்டி, ஒங்கம்மயக் காணும். எதுக்கும் நீ கொஞ்சம் தேடிப் பாரு."

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை.

"கொஞ்ச நாளாவே இப்பிடித்தான்" என்றேன். "நீ அந்தக் கையப் பிடி. கெட்டியாப் பிடி."