நான் அழித்த கால்வாய்

கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டை அழிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வேப்பனப்பள்ளி பக்கம் புதிதாகப் போட்ட மனைப்பிரிவு ஒன்றை ட்ரோனில் படமெடுத்திருந்தேன். சித்திரை வெயிலில் செம்மண் பளிச்சென்று இருந்தது. குறுக்கே மட்டும் மங்கலாக ஒரு கருத்த தடம். “மேடம், அந்தக் கோடு கண்ண உறுத்துது, எடுத்து விட்டுருங்க” என்றார் மனை விற்பவர். ஜேசிபி போன தடம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதே அதிகம், யோசிக்கவே இல்லை. பக்கத்து மண்ணின் நிறத்தை எடுத்து மேலே பூசி அனுப்பினேன். கேமரா கார்டிலிருந்த படங்களையெல்லாம் அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

அதற்கு முன் ஆறு வருஷம் ஓசூரில் கம்பெனி வேலை. செல்போன் மூடியில் கீறல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பேன். இருந்தால் தனியே எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். கீறல் எப்படி விழுந்தது என்று கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பார். அந்தப் புத்தி ட்ரோன் வாங்கிய பிறகும் என்னைவிட்டுப் போகவில்லை.

ஐப்பசியில் சின்னம்மா போன் செய்தாள். அம்மாவின் தங்கை. அந்த மனைப்பிரிவுக்குக் கீழே, ஏரியை ஒட்டி முப்பது மாமரமும் கொஞ்சம் கேழ்வரகுக் காடும் வைத்திருப்பவள்.

“ஏம்மா, மழ இப்பிடி ஊத்துது, ஏரிக்கு ஒரு சொட்டு வரல. வரத்துக் கால்வாய மூடி மனை போட்டுட்டான். கேட்டா, இங்க கால்வாயே இல்லைங்கிறான். தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்தா, அங்கயும் வந்து ஒரு போட்டோவ நீட்டுறான். மேல இருந்து எடுத்ததாம். அதுல வெறும் மண்ணுதான் இருக்குது.”

யார் எடுத்த போட்டோ என்று நான் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், நான் ஒரு ஏரியின் வாயையே மறைத்திருக்கிறேன். ஏரி நிறையாவிட்டால் பங்குனிக்குள் அந்த ஊர்க் கிணறுகள் வற்றிவிடும், மாம்பிஞ்சு அத்தனையும் கொட்டிவிடும். மனு மீதான விசாரணை அடுத்த திங்கட்கிழமை.

முதலில் எடுத்த படம் எங்கேயும் இல்லை. பழைய பென்டிரைவ் வரைக்கும் தேடிவிட்டேன். சரி, மறுபடி எடுக்கிறேன் என்று முடிவு செய்தேன். மூடிய கால்வாயில் மண் இளகலாகத்தான் இருக்கும். மழைத்தண்ணீர் அங்கே கூடுதலாக நிற்கும், அதன்மேல் முளைக்கிற புல் கருப்பச்சையாக வளரும். தரையில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே புல்தான். நூறு மீட்டர் மேலே போனால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வெறும் படம் போதாது. அதைக் கிராம வரைபடத்தின்மேல் பொருத்திக் காட்ட வேண்டும். அதற்காக சர்வே கற்களுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புத் தூளால் பெரிய பெருக்கல் குறி போடுவது எங்கள் தொழிலில் வழக்கம், மேலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியும். சனிக்கிழமை காலை ஆறு கற்களைத் தேடிப்பிடித்து ஆறு குறி போட்டேன். காற்று பலமாக இருந்தது. தணியட்டும் என்று வேப்பனப்பள்ளிக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து ட்ரோனை ஏற்றினால், திரையில் ஒரு குறிகூட இல்லை.

முதல் கல்லருகே ஓடினேன். சாணி போட்டு மெழுகியிருந்தது. மற்ற ஐந்தும் அப்படியே. மனை விற்பவரின் ஆட்கள் செய்த வேலைதான் என்று கொதித்துப்போய் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பெருமை.

“வந்தியா? ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன் கேளு. எவனோ வெள்ளக் குறி வெச்சிட்டுப் போயிருக்கான். நானும் எதுத்த வூட்டு அம்மாவும் போயி ஆறையும் அழிச்சிட்டு வந்துட்டோம்.”

“ஐயோ சின்னம்மா, அது நான் வெச்சது!”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்து ஊரில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது நோட்டீஸுக்கு முன்னால் வந்தது இதே வெள்ளைக் குறிதான். அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக் குறியைக் கண்டால் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை, நேரே சாணியைக் கரைக்கப் போய்விடுகிறார்கள். எதிர்வீட்டு அம்மா தெலுங்குக்காரர். “மா பூமி போதுந்தா?”, எங்கள் நிலம் போய்விடுமா என்று மூன்று தடவை என்னைக் கேட்டார். நிலம் எங்கேயும் போகாது, தண்ணீர் வருவதற்காகத்தான் இது என்று என் அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன். பாதிதான் நம்பினார்.

இவர்கள் என்னை நம்ப வேண்டுமென்றால் நான் முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னேன். ஆபீஸில் மனை விற்பவர் நீட்டிய போட்டோ நான் எடுத்தது, அதிலிருந்த கோட்டை அழித்ததும் நான்தான்.

சின்னம்மா கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். “படிச்சவ பண்ற வேலையாடி இது?” என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “அழுவுறத அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு” என்றாள்.

சுண்ணாம்பு வேண்டாம் என்று முடிவானது. உரச்சாக்குகளை வெட்டி, எழுத்தில்லாத வெள்ளைப் பக்கம் மேலே வருகிற மாதிரி விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தோம். ஊரில் வேறு யாராவது பார்த்துவிட்டுப் பிடுங்கி எறியாமலிருக்க, ஒவ்வொரு சாக்குக்கும் ஒருவர் காவல் நிற்பதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆறு பெண்கள் ஆறு கல்லருகே நின்றார்கள். எதிர்வீட்டு அம்மாவும் ஒருவர்.

அதே நேரத்தில் மனைப்பிரிவின் கிழக்கு மூலையில் ஜேசிபி இறங்கியது. திங்கட்கிழமை விசாரணை முடிந்து அதிகாரி இடத்தைப் பார்க்க வருவதற்குள் புல்லைச் சுரண்டிவிட ஏற்பாடு போல. மேற்கிலிருந்து காற்று தள்ளியது. பருந்து ஒன்று ட்ரோனைச் சுற்ற ஆரம்பித்தது. வேறு நாளாக இருந்தால் உடனே இறக்கியிருப்பேன். இதுதான் என் சோறு, உடைந்தால் இன்னொன்று வாங்க வழியில்லை. அன்றைக்கு உடைந்தாலும் உடையட்டும், படம் இல்லாமல் இறக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேட்டரி சிவப்புக்கு வந்த பிறகுதான் இறக்கினேன்.

படத்தில் மேற்கே, புல் இருந்த பாதியில் கருப்பச்சையாகக் கோடு ஏரிவரைக்கும் போனது. கிழக்கே, ஜேசிபி சுரண்டிய இடத்தில் அடிமண் ஈரம் வெளியே வந்து கோடு இன்னும் கருப்பாகத் தெரிந்தது. அந்த டிரைவர் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் மனை விற்பவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “நுணலும் தன் வாயால கெடும்பாங்க மேடம். இந்தப் பக்கம் மனை போடுறவங்க எல்லாரும் நமக்கு வேண்டியவங்க. யோசிச்சுக்கங்க.” என் வருமானத்தில் பாதிக்கு மேல் அவர்களிடமிருந்து வருவது. நான் யோசிக்காமல் செய்த ஒரு காரியம் போதும் என்று உள்ளே போனேன்.

அதிகாரி இரண்டு படங்களையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தார். சித்திரைப் படத்தில் விரலை வைத்து, “இது யார் எடுத்தது?” என்றார்.

“நான்தான் சார்.”

“அப்ப இது?”

“அதுவும் நான்தான் சார். முதல் படத்துலயும் இந்தக் கோடு இருந்துச்சு. என் கையால அழிச்சேன். எழுதிக் குடுக்கிறேன்.”

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, கோடு போகிற வழியில் மூன்று இடத்தில் தோண்டிப் பார்க்கும்படி சர்வேயரிடம் சொன்னார். நான் எழுத ஆரம்பித்தேன். அவர் புதுப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். “இந்த வெள்ளைக் குறிங்க பக்கத்துல எல்லாம் புள்ளி புள்ளியா நிக்கிறது யாரு?”

கதவருகே நின்ற சின்னம்மா உள்ளே ஒரு அடி வைத்தாள்.

“நாங்கதாங்க. இந்தத் தடவ யாரும் எதையும் அழிச்சிரக் கூடாதுன்னு நின்னோம்.”