தலையணைக்கு அடியில் பூட்டு

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் ஜாதகம் முதலில் போட ஆரம்பித்தவர்களில் என் மாமாவும் ஒருவர். மாட வீதியில் கடை. கம்ப்யூட்டரின் பின்புறம் தீப்பெட்டி அளவில் ஒன்று செருகியிருக்கும். அது இருந்தால்தான் ஜாதக ப்ரோக்ராம் ஓடும். ஒருவர் வாங்கியதை நாலு பேர் காப்பி அடிக்கக் கூடாதென்று கம்பெனிக்காரர்கள் செய்த ஏற்பாடு. மாமா அதைப் பூட்டு என்பார். டீ குடிக்கப் போனாலும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறந்த நேரம், ஊர் எல்லாவற்றையும் தட்டுவது அத்தைதான்; வேகமும் அவளுக்குத்தான் அதிகம். ஆனாலும் பூட்டை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு கோடை விடுமுறையில் செங்கம் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி மாமாவுக்குக் கால் முறிந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் அப்பா துணைக்கு இருந்தார். சில நாள் கழித்து அத்தை ஊர் திரும்பிக் கடையைத் திறந்தாள். நான் கூட இருந்தேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். "நாளைக்கு மாப்ள வீட்டுக்காரங்க வர்றாங்கம்மா. பொருத்தம் பாத்துக் குடுத்துடுங்க."

அத்தை கம்ப்யூட்டரைப் போட்டாள். திரையில் ஒரு வரி இங்கிலீஷ் வந்து நின்றுவிட்டது. பின்னால் பூட்டு இல்லை. "சாயங்காலம் வாங்க, ரெடியா இருக்கும்" என்று அவரை அனுப்பிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள்.

மாமா கட்டிலிலிருந்தே கேட்டார்: "என்னப் பாக்க வந்தியா, பூட்ட எடுக்க வந்தியா?"

"ரெண்டுக்குந்தாங்க."

மாமா கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். பிறகு மாமா தலையணைக்கு அடியில் கைவிட்டு, அதை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தார்.

"தொலைச்சுட்டா ப்ரோக்ராமே புதுசா வாங்கணும். பத்திரம்."

"உங்களவிட ஜாஸ்தி பத்திரமா வெச்சிக்கிறேன்."

அன்று சாயங்காலம் விவசாயி, "ஐயா வந்துட்டாங்களா?" என்று கேட்டபடி நுழைந்தார். "நானே போட்டுத் தரேங்க, உக்காருங்க" என்றாள் அத்தை. அவர் பொருத்தத் தாளை வாங்கி மடித்துக்கொண்டு போனார்.

எனக்கு அதைவிட நினைவில் நிற்பது திரும்பி வந்த பஸ்தான். பூட்டை வைத்திருந்த கையை அத்தை விரிக்கவே இல்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. "மாமாவுக்குக் கால் சரியாயிடும், அத்த" என்றேன்.

"ஆமாண்டி, சரியாயிடும்" என்று சிரித்தாள்.

கால் முறிந்த அன்றைக்கு அழாதவள் இன்றைக்கு ஏன் அழுகிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.