ஒரே அலைவரிசையில் மூன்று ஊர்

புயலில் தந்திக் கம்பங்கள் சாய்ந்து கிடந்த அந்த வாரம், புதுக்கோட்டை நிவாரண அலுவலகத்தில் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். திருமயத்தில் ஒரு பெட்டி, கீரமங்கலத்தில் ஒரு பெட்டி. மூன்றுக்கும் ஒரே அலைவரிசை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். நான் மதராஸில் வயர்லெஸ் படித்துச் சான்றிதழோடு வந்தவள். சும்மா இருப்பேனா? அலைவரிசை எதில் வீணாகிறது என்று முதல் நாளே பட்டியல் போட்டேன். இருமல், கொட்டாவி, "இருங்க, கேட்டுச் சொல்றேன்." எல்லாவற்றுக்கும் மேலே, நலவிசாரிப்பு.

கீரமங்கலத்துக் குமாஸ்தா அரிசி மூட்டை கேட்பதற்கு முன், "என்ன தங்கச்சி, சாப்டாச்சா? அங்கிட்டு மழை விட்டுருச்சா?" என்பார். திருமயத்துக் கம்பவுண்டரும் அப்படியே. மறுநாள் தடை போட்டேன்.

"வேற யாரும் பேசலைன்னா நேரா விஷயத்துக்கு வந்துருங்கண்ணே."

"சரிங்க கலெக்டரம்மா," என்றார் குமாஸ்தா.

மூன்றாம் நாள் காலை இரண்டு ஊரும் ஒரே நொடியில் விஷயத்துக்கு வந்தன. இரண்டும் வெவ்வேறு திசையில் தள்ளிக் கிடப்பவை. அவர் குரல் இவருக்கு எட்டாது. நடுவில் இருந்த எனக்கு மட்டும் இரண்டும் கலந்து கேட்டன. இரைச்சலுக்குள், "பிரசவம்... டாக்டர..." என்று மட்டும் பிடிபட்டது.

"எந்த ஊருண்ணே?"

மறுபடியும் இருவரும் சேர்ந்தே பதில் சொன்னார்கள். அது காதில் விழுந்ததுமே நிவாரண முகாம் டாக்டர் வாசலில் ஜீப்பில் ஏறிவிட்டார். "எங்கிட்டுப் போகணும்?" என்று டிரைவர் ஹாரன் அடித்தார்.

அப்போதுதான் உறைத்தது. நேற்றுவரை மோதிக்கொண்டவை இரண்டு "சாப்டாச்சா"க்கள். அவை நசுங்கினாலும் நஷ்டமில்லை. என் காது இரைச்சலைக் கண்டுகொள்ளும், ஒருவரை நிறுத்திவைப்பேன், விஷயம் முழுசாக வந்து சேரும். அந்த மெத்தையைத்தான் உருவி எறிந்திருந்தேன்.

படித்ததெல்லாம் மறந்து, வாயில் வந்தது இதுதான்: "திருமயத்து அண்ணே, சாப்டீங்களா?"

"எங்கம்மா சாப்பிட? இங்க ஒரு பொண்ணுக்குப் புள்ள குறுக்க கெடக்கு. டாக்டர அனுப்புங்க!"

ஜீப் திருமயம் பக்கம் பறந்தது.

"தங்கச்சி," என்றார் கீரமங்கலம், "என்னைய மட்டும் கேக்க மாட்டீங்களா?"

மாலை வரை பெட்டியை விட்டு நான் எழவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பெட்டியில் கம்பவுண்டர் குரல் வந்தது. "அம்மா, புள்ள பொறந்ததச் சொல்லவா, மொதல்ல சாப்டீங்களான்னு கேக்கவா?"

"புள்ளயச் சொல்லுங்கண்ணே!"

"தாயும் மகளும் சொகம். இப்பச் சொல்லுங்க, சாப்டீங்களா?"

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை கீரமங்கலம் அரிசி கேட்கக் காத்திருந்தது.