வடியாத மஞ்சள் பால்

கற்றாழை மடலை அறுத்ததும் ஒரு நாற்றம் எழும். வெங்காயச் சருகும் வேர்வையும் கலந்தது மாதிரி. இன்றும் அது மூக்கில் பட்டால் என் கால்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அந்த ஒற்றை அறைக்கு நடக்கத் தொடங்கிவிடுகின்றன.

என்னைவிட இளையவள் ஒருத்தியும் நானும் சேர்ந்து நடத்திய தொழில், முகத்தில் பூசும் கற்றாழைக் கூழ் விற்பது. மலைமேலிருக்கும் கரியாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் அவள் மடல்களை மூட்டையாகக் கொண்டுவருவாள். வெட்டுவாய் கீழே இருக்கும்படி பக்கெட்டில் நிறுத்துவோம். மஞ்சள் பால் சொட்டுச் சொட்டாக இறங்கும். அது முழுக்க வடிந்த பிறகுதான் முள்ளைச் சீவி, தோலை உரித்து, உள்ளிருக்கும் சோற்றைக் கழுவிக் கழுவி மிக்ஸியில் அடித்து, வடிகட்டிப் புட்டியில் ஊற்றுவது. பால் தங்கினால் பூசியவர்களுக்கு அரிக்கும். நிறுத்திவிட்டுக் காத்திருப்பது, அது ஒன்றுதான் எனக்கு வராத வேலை.

அன்று சாயங்காலம் பியூட்டி பார்லர் அம்மா வருவதாக இருந்தது. மறுநாள் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பூச வேண்டுமாம். பிடித்துவிட்டால் மாதாமாதம் எங்களிடமே வாங்குவாராம். அவள் புட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், பக்கெட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு சொட்டு. எடுத்து உரித்துவிட்டேன். அவள் திரும்பியபோது கூழ் தயாராக இருந்தது.

எப்போதும் போலத் தன் முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவிக்கொண்டாள். பன்னிரண்டு புட்டிகளை நிரப்பி முடிப்பதற்குள் அந்த இடம் சிவந்து தடித்துவிட்டது.

"அக்கா, எவ்ளோ நேரம் நிறுத்துன?"

"எப்பவும் போலதான்டி. கொசு கடிச்சிருக்கும்."

"பட்டப்பகல்ல இன்னா கொசுக்கா அது, என் கைய மட்டும் தேடிக்கினு வந்து கடிக்குது?" பக்கெட்டைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு கரண்டிப் பால்கூட இல்லை.

"பாதியில எடுத்துட்டேன்" என்றேன்.

அவள் புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் கவிழ்த்தாள். நான் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பார்லர் அம்மா வந்ததும் அவள் தன் சிவந்த கையை நீட்டிக் காட்டினாள். "இன்னிக்கு இல்லீங்க. பொண்ணு மூஞ்சில பூசியிருந்தா இப்டிதான் ஆயிருக்கும்."

"அப்ப நான் வேற எடம் பாத்துக்கிறேன்" என்று அவர் போய்விட்டார்.

பொழுது சாய, மலைக்குப் போகும் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் இனி வருவாளா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் நகர, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தேன்.

"நாளைக்கு மூட்ட எடுத்தாறேன்க்கா," என்றாள் அவள். "பால் வடியுற வரிக்கும் நீ அந்த ரூமு பக்கமே வராத. எங்கனா சுத்திக்கினு இரு."