மண்டியிடாத நபோசா

மசாகா சந்தையில் வாழைக்காய்த் தார் விற்கும் நபோசாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. பின்னே, மாமனார் முறைக் கிழவர்கள் எதிரே வந்தாலும் மண்டியிடாமல், நின்றபடியே நலம் விசாரித்தால்? அப்படிப்பட்டவளை உகாண்டாவின் புகாண்டா சீமையில் பெண் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

உண்மை வேறு. நான்கு பிள்ளை பெற்ற உடம்பு. மண்டியிட்டு எழும்போது மூத்திரம் கசிந்துவிடும். இதை யாரிடம் சொல்வது? திமிர் பிடித்தவள் என்ற பெயரே தேவலை என்று இரண்டு வருடம் ஓட்டினாள். அவளைப் பற்றி வாய் வலிக்கப் பேசியவள், புருஷனின் அக்கா நகாயிசா.

இப்போது மகள் நலுலேவின் நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. இன்னும் மூன்றே மாதம். மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் உட்கார்ந்திருக்க, பெண் வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து மண்டியிட வேண்டும். தாய்க்காரி நின்றுகொண்டிருந்தால் சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும். நபோசா வெட்கத்தை மூட்டை கட்டிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் லமுனு சின்னப் பெண். பெஞ்சில் இருந்த ஐந்து பெண்களுக்கும் ஒரு தாளைக் கொடுத்தாள். பெரிய மனிதர்கள் கமிட்டி கூடி மருத்துவச் சொற்களை ஆக்கிய தாள் என்று மேலேயே போட்டிருந்தது. ‘இடுப்புத்தளத் தசைகளின் தன்விருப்பச் சுருக்கம்’ என்று ஆரம்பித்தது.

“இது வியாதி பேரா, வைத்தியத்தோட பேரா?” என்றாள் நபோசா.

“வைத்தியம்தாம்மா. மாத்திரை கிடையாது, கத்தி கிடையாது. மூத்திரத்த அடக்க இறுக்குவீங்கல்ல, அந்தச் சதைய இறுக்கி மேல தூக்கணும், அப்புறம் விடணும். எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே இறுக்கிடணும்.”

“அட, வேன் கதவு! கண்டக்டர் பய கதவச் சாத்திட்டுத்தானே வண்டிய எடுக்கச் சொல்லுவான்? இதுக்கு ஒரு கமிட்டியா? அதுல ஒரு பொம்பளகூட உக்காரலையா?”

சிரிப்பில் பெஞ்சே குலுங்கியது. குலுங்கியதில் யாருக்கு என்ன கசிந்ததோ, எவளும் காட்டிக்கொள்ளவில்லை. லமுனு மட்டும் தாளில் இருந்ததை அடித்துவிட்டு, ‘கதவைச் சாத்து, வண்டியை எடு’ என்று எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நபோசா சந்தையில் உட்கார்ந்தபடியே கதவு சாத்தினாள். முகம் இறுகுவதைப் பார்த்தவர்கள், இவள் விலை குறைக்க மாட்டாள் என்று பேரத்தைக் கைவிட்டார்கள்.

நிச்சயத்தன்று பாயில் மண்டியிட்டாள். வணங்கினாள். சாத்தினாள். எழுந்தாள். ஒரு சொட்டு இல்லை! அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு ஆடவே தோன்றியது.

வரிசை முழுக்க எழுந்துவிட்டது, நகாயிசாவைத் தவிர. பாயைப் பிடித்தபடி தலை குனிந்திருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை. பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நபோசா ஒரு கணம் அதை ரசிக்கவும் செய்தாள். பிறகு திரும்ப அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“எத்தன வருஷமா அண்ணி?” என்று காதோடு கேட்டாள்.

“ஒம்பது.”

“அப்புறம் ஏன் என்னைத் திமிர் பிடிச்சவள்னு ஊரெல்லாம் சொன்னீங்க?”

“நான் நனைஞ்சுக்கிட்டே மண்டி போட்டேன்டி. நீ மட்டும் நின்ன. வயிறு எரிஞ்சுது.”

நபோசா தன் சால்வையை உருவி நாத்தனாரின் இடுப்பில் சுற்றினாள். பந்தலே பார்க்க, அவளை அணைத்துத் தூக்கினாள்.