கட்டுப்பல் விழுந்த காலை

சண்டை ஓய்ந்த பிறகு ஊர் ஊராக வேலை தேடித் திரிந்த நான், உச்சமுனையில் மீன் காயவைக்கும் ஒரு கருவாட்டு வாடியில் தங்கியிருந்தேன். வள்ளத்தின் விளிம்பில் மோதி முன்பல் இரண்டும் போன இடத்தில் கட்டுப்பல் வைத்திருந்தேன்.

கல்பிட்டியில் ஒரு விதவையை எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். பெருநாளுக்கு மறுநாள் வரச்சொன்னார் அவளுடைய அண்ணன். வள்ளத்தில் போகும்போதே மிஸ்வாக் குச்சியால் பல்லை அழுத்தித் தேய்த்தேன். குச்சியின் நார் கட்டுப்பல்லின் கம்பியில் சிக்கியது. இழுத்த வேகத்தில் பல் களப்புத் தண்ணீருக்குள் போய்விட்டது.

"வாயத் திறக்காம இருந்துட்டு வா மச்சான்," என்று சிரித்தார் வள்ளக்காரர்.

அப்படியே அவர்கள் வீட்டில் அண்ணன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். தேநீரோடு முறுக்கு வந்தது. கடிக்க வழியில்லாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"தங்கச்சி சுட்டது. புடிக்கல்லயா?"

வாயைத் திறந்து காட்டினேன். "முன்பல் ரெண்டும் கட்டுப்பல். வரக்குள்ள களப்புல விழுந்திட்டு."

"கட்டுப்பல்லெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயே." அவர் முகம் இறுகியது. இந்தக் கதையும் முடிந்தது என்று எழும்பப் பார்த்தேன்.

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"நானா, அந்த முறுக்குத் தட்ட இங்க தாங்க," என்று அண்ணனைக் கூப்பிட்டாள் தங்கச்சி.

தட்டோடு உள்ளே போனவர் ஒரு கோப்பையில் கடிக்கவே தேவையில்லாத மெத்தென்ற வட்டிலப்பத்தோடு திரும்பி வந்தார்.

"நான் இன்னும் யோசிச்சு முடிக்கல்ல. அவ முடிச்சிட்டா போல," என்று கரண்டியை என் கையில் தந்தார்.